கொள்ளைநோய்க் காலத்திற் பாடசாலை விளையாட்டு

கொள்ளைநோய் ஒரு நாட்டிற் புகும்போது முதலில் அடைபடுவனவற்றுள் பாடசாலைக் கதவும் ஒன்று. கதவு அடைபட்டதும் மைதானமும் வெறிச்சோடுகின்றது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆம் நாள், கொவிட்-19 நோய் உலகளாவிய கொள்ளைநோயாகிவிட்டது என்று உலகச் சுகாதாரத் தாபனம் அறிவித்தது. இரண்டு நாள் கழிந்து, 13 ஆம் நாள், இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏனைய நாடுகளிலும் அதே வாரங்களில் அதே செயல் நிகழ்ந்தது. நோய்பற்றிய உலக அவசரநிலை நீங்கிவிட்டதென அத்தாபனம் 2023 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள் அறிவித்தது. வெள்ளம் பெருகிவரும்போது அணையின் பழுதை ஆராய இயலாது. வடிந்த பின்னரே ஆராயலாகும். ஆதலின், அக்காலத்தில் ஆசிரியரையும் பெற்றோரையும் இருகூறாகப் பிரித்த வினாவொன்றை இப்பொழுது அமைதியாக நோக்குதல் தகும். கொள்ளைநோய்க் காலத்திற் பாடசாலை மாணவரின் விளையாட்டுப் போட்டிகள் நடைபெறலாமா? நிறுத்தப்படவேண்டுமா? இதுவே அவ்வினா.

இவ்வினாவுக்கு விடை கூறியோர் இரு திறத்தினர். உயிர் பெரிதா, வெற்றிக்கிண்ணம் பெரிதா எனக் கேட்டு, போட்டிகளை முற்றாக நிறுத்துக என்றனர் ஒரு சாரார். இந்நோய் இளைஞரை அதிகம் வருத்துவதில்லை. அவர்தம் இளமைப் பருவமோ ஒருமுறையே வருவது. ஆதலின் நடத்துக என்றனர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் 'விளையாட்டு' என்னும் ஒரு சொல்லாற் பல பொருள்களை ஒன்றாகக் கட்டிவிடுகின்றன. அக்கட்டை அவிழ்த்துப் பார்த்தாலன்றி விடை புலப்படாது. அதற்கு ஏற்ற சான்றுகள் இரு நாடுகளிலே கிடைக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கு வேண்டியவாறு முடிவெடுத்தமையால், ஒரே நோய்க்குப் பல விடைகளை அங்கே ஒப்புநோக்கலாம். யப்பானிலோ நாடு முழுவதும் கண்ணிமையாது நோக்கும் பாடசாலைப் போட்டி ஒன்று உண்டு. அதனை நிறுத்தியபோதும் நடத்தியபோதும் நேர்ந்தவை நமக்குப் பாடமாகத் தக்கன.

முதலில் உசாவ வேண்டுவது, வந்துள்ள நோய் எத்தகையது என்பதாகும். கொள்ளைநோய்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. 1918 ஆம் ஆண்டில் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சாக் காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையும் மட்டுமன்றி, இருபது முதல் நாற்பது வயதுவரையுள்ள திடகாத்திரமான இளைஞரையும் பெருந்தொகையாக வீழ்த்தியது. அமெரிக்க நகரங்கள் பல அவ்வாண்டின் இலையுதிர்காலத்திற் பாடசாலைகளை மூடின. பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் பல கைவிடப்பட்டன. நியூயோர்க்கும் சிக்காக்கோவும் பாடசாலைகளைத் திறந்தே வைத்திருந்தன. நெருக்கமும் இருளும் நிறைந்த வீடுகளிலும் பார்க்க, தாதியர் நாள்தோறும் மேற்பார்வை செய்யும் பாடசாலையிற் பிள்ளைகள் இருத்தலே நன்று என்பது நியூயோர்க்குச் சுகாதார அதிகாரிகளின் கருத்து. ஒரே நோய்க்கு இருவேறு விடைகள் அன்றே கூறப்பட்டமை கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் கோடைதோறும் அச்சுறுத்திய இளம்பிள்ளைவாதம் வேறொரு தன்மையது. அது பிள்ளைகளையே தேடிப் பற்றியது. நோயின் தொடக்கத்திற் கடுமையாக உடலை உழைப்போர்க்கு முடக்குவாதம் மிகுகின்றது என்பதை 1940 களின் பிற்பகுதியில் மருத்துவர் கண்டறிந்தனர். அத்தகைய நோய் பரவுங்காலத்தில் விளையாட்டு, ஆடுவோனுக்கே நேரான கேடாகும். நீச்சற் குளங்கள் மூடப்பட்டமையும் இவ்வச்சத்தாலேயே. 1955 ஆம் ஆண்டில் யோனாசு சோக்கின் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்த பின்னரே அவ்வச்சம் தணியலாயிற்று.

கொவிட்-19 இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. வயது ஏற ஏற அந்நோயால் இறக்கும் ஆபத்தும் செங்குத்தாக ஏறியது. பதினைந்து வயது மாணவன் பெரும்பாலும் சில நாட் காய்ச்சலோடு எழுந்தான். சிலர் நோயுற்றதையே உணர்ந்திலர். ஆயின், அவன் மூச்சுக்காற்றிலே சென்ற கிருமி அவன் பாட்டனாரைச் சென்றடைந்தபோது விளைவு வேறாக இருந்தது. திருவள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என நாற்கூறாக வகுத்தார். தொற்றும் நோய்க்கு ஐந்தாங்கூறு ஒன்றும் உண்டு எனலாம். அது வீட்டிலும் அயலிலும் உள்ளோர். 'மாணவனுக்கு ஆபத்து இல்லை' என்னும் வாதம் இவ்வைந்தாங்கூற்றை மறந்த வாதமாகும். ஆடுவோன் ஒருவன், ஆட்டத்தின் விலையைக் கொடுப்போன் வேறொருவன். இவ்வினா வெறும் விளையாட்டு வினாவாக நில்லாது அறவினாவாக மாறுவது இவ்விடத்திலேயாம்.

அடுத்து உசாவ வேண்டுவது, ஆடப்படும் விளையாட்டு எத்தகையது என்பது. மனிதன் ஓய்ந்திருக்கும்போது நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு இலீற்றர் காற்றை உள்வாங்கி வெளிவிடுகின்றான். கடுமையாக ஓடும்போது அவ்வளவு பத்து மடங்குக்கு மேலும் உயர்கின்றது. மூச்சின்வழிப் பரவும் நோய்க்கு இது பெருந்துணை. திறந்த வெளியிலோ, வெளிவிட்ட காற்று விரைவிற் கலைந்துபோகின்றது. அடைத்த மண்டபத்தில் அது மணிக்கணக்காகத் தங்கும். எனவே தனியாக ஓடும் நெடுந்தூர ஓட்டமும், ஒருவர் முகத்தோடு மற்றவர் முகம் உரச மண்டபத்தினுள் ஆடும் மல்யுத்தமும் ஒரே பெயரால் வழங்கப்படினும் நோய்க்கு ஒரே வாயில்கள் அல்ல. அமெரிக்க மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களுக்குப் பொதுவாயுள்ள தேசிய கூட்டமைப்பு 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் விளையாட்டுகளை ஆபத்து மிக்கன, இடைத்தரமானவை, குறைந்தன என மூவகைப்படுத்தியது. மல்யுத்தமும் அமெரிக்க உதைபந்தாட்டமும் முதல் வகையில் இடம்பெற்றன. கூடைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம் முதலியன இரண்டாம் வகையின. தனியோட்டம், கோல்பு, எறிதல் நிகழ்ச்சிகள் என்பன மூன்றாம் வகையின. ஈண்டு அமெரிக்க உதைபந்தாட்டம் என்றது நம் மைதானங்களிற் காணும் உதைபந்தாட்டத்தை அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிர்ப்பட்டோரை மோதி வீழ்த்தும் ஆட்டத்தையாகும்.

இவ்வகைப்பாடு கையில் இருந்தும் மாநிலங்கள் ஒரே முடிவுக்கு வந்தில. 2020 ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் யூற்றா, ரெக்சாசு, புளோரிடா, யோர்சியா ஆகிய மாநிலங்கள் உதைபந்தாட்டத்தை நடத்தின. கலிபோர்னியா யூலை மாதத்திலேயே ஒத்திவைத்தது. அங்கு அவ்வாட்டம் 2021 ஆம் ஆண்டிலேயே மீண்டது. மிச்சிக்கன் ஓகத்து மாத நடுவில் ஒத்திவைத்து, மூன்று வாரத்துக்குள் அம்முடிவை மாற்றிக்கொண்டது. இத்தடுமாற்றத்தின் பின்னே மாணவரின் எதிர்காலமும் கிடந்தது. அந்நாட்டிற் பாடசாலை இறுதியாண்டில் ஒருவன் ஆடும் ஆட்டத்தைக் கண்டே பல்கலைக்கழகங்கள் அவனுக்கு உதவிப்பணம் வழங்குவதுண்டு. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆட்டப்பருவம் தவறுதல் உயர்கல்வியே தவறுதலாக முடியலாம். 'விளையாட்டுத்தானே' என்று கடிந்தோர் இதனை எண்ணினார் அல்லர்.

போட்டிகள் நடைபெற்ற இடங்களில் நிகழ்ந்தது யாது? அக்காலத்து இரு ஆய்வுகள் முற்றிலும் மாறுபட்டன போலத் தோன்றும் விடைகளைத் தருகின்றன. விசுக்கொன்சின் மாநிலத்தில் அவ்விலையுதிர் பருவத்தின் தொடக்கத்தில் விளையாட்டை மீளத் தொடங்கிய 207 உயர்நிலைப் பள்ளிகளை அம்மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். ஆடிய மாணவர் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் நோய் தொற்றியோர் 271 பேர். தொற்று எங்கிருந்து வந்ததெனக் கூறப்பட்டோர் 209 பேர். அவருள் 115 பேர் தம் வீட்டிலேயே நோயைப் பெற்றனர். விளையாட்டினாற் பெற்றவர் ஒருவரே. இதனைக் கண்டோர், விளையாட்டு மாசற்றது என்று மகிழ்ந்தனர்.

அவ்வாண்டு திசெம்பர் மாதத்திற் புளோரிடா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான மல்யுத்தப் போட்டிகள் நடைபெற்றன. வீரரும் பயிற்றுநரும் நடுவரும் உட்படப் பங்குபற்றியோர் 130 பேர். பின்னர்ப் பரிசோதிக்கப்பட்ட 54 பேருள் 38 பேருக்கு நோய் காணப்பட்டது. இவரோடு பழகியோருள் 95 பேர் பரிசோதிக்கப்பட, அவருள் 41 பேர் நோயுற்றிருந்தனர். அவ்வாறு பழகியவருள் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இறந்தார். தனிமைப்படுத்தலால் மாணவர் இழந்த வகுப்பறை நாட்கள் ஏறத்தாழ 1,700 எனக் கணக்கிடப்பட்டது. ஒரு போட்டிக்காகப் பள்ளிக்கூடமே தன் கல்வியை ஈடாகக் கொடுக்க நேர்ந்தது.

இவ்விரண்டும் முரண்பட்டன அல்ல என்பது சிறிது சிந்தித்தாற் புலப்படும். விசுக்கொன்சினில் ஆராயப்பட்டவை இலையுதிர் பருவத்து ஆட்டங்கள். அவற்றுட் பல திறந்த வெளியில் நடப்பவை. பெரும்பாலான பள்ளிகள் முகக்கவசம், இடைவெளி முதலிய விதிகளைக் கைக்கொண்டிருந்தன. புளோரிடாவிற் பல பள்ளிகளிலிருந்து வந்தோர் அடைத்த மண்டபத்திலே உடலோடு உடல் பிணைந்து பொருதனர்; ஒருவனே பலரோடு மாறிமாறிப் பொருதான். முன்னைய ஆய்விலும் ஒரு குறைபாடு உண்டு. தொற்றின் மூலத்தைக் கூறியோர் பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பாளர். பலருக்கு மூலம் கூறப்படவேயில்லை. ஆதலின் 'ஒருவரே' என்னும் எண்ணை அப்படியே உண்மையெனக் கொள்ளலாகாது. எனினும் இரு ஆய்வும் சேர்ந்து உணர்த்துவது ஒன்றே. ஆபத்து 'விளையாட்டு' என்னும் பெயரில் இல்லை. எங்கே, எவ்வளவு நெருங்கி, எத்தனை ஊரார் கூடி ஆடுகின்றனர் என்பதிலேயே உள்ளது.

ஆட்டத்தைச் சூழ்ந்தனவும் ஆட்டத்திற்கு ஒப்பவே கருதத்தக்கன. பதினொருவர் மைதானத்திற் பரந்து நின்று ஆடுகின்றனர். அவர்களே கதவடைத்த பஸ் வண்டியில் இரண்டு மணி நேரம் பாடிக்கொண்டு செல்கின்றனர். உடைமாற்றும் அறையில் நெருங்கி நிற்கின்றனர், ஒரே போத்தலில் நீர் பருகுகின்றனர், வென்றபின் விருந்துண்கின்றனர். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆயிரவர் தோளோடு தோள் நெருங்கிக் கூச்சலிடுகின்றனர். மைதானத்தின் நடுவே நோய் பரவ வாய்ப்புக் குறைவாயினும், அதன் விளிம்பிலே நிறைந்த வாய்ப்புண்டு. ஆதலின், ஆட்டத்தை நடத்தி அதன் ஆரவாரத்தை நிறுத்துதல் என்னும் வழி ஒன்று உண்டு. அவ்வழியை இரு சாராரும் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரல்லர்.

அவ்வாறாயின் ஆரவாரத்தோடு ஆட்டத்தையும் நிறுத்திவிடுதலே எளிதன்றோ எனின், அதற்கும் விலை உண்டு. 2020 இல் விளையாட்டு நின்றுபோன மாணவரிடத்து மனக்கலக்கமும் சோர்வும் முன்னைய ஆண்டுகளிலும் மிகுந்திருந்தமையையும், உடலுழைப்புப் பெரிதும் குன்றியமையையும் அதே விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்தார் கண்டனர். வகுப்பறையில் ஒளி பெறாத சில பிள்ளைகள் மைதானத்திலேயே தம்மை அறிகின்றனர் என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். அவர்களைப் பாடசாலையோடு பிணைக்கும் கயிறு அதுவே. அக்கயிறு அறுந்தால் அவர்கள் திரும்பி வாராமலும் போகலாம்.

இனி யப்பானை நோக்குவோம். பேஸ்போல் எனப்படும் தளப்பந்தாட்டத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோடைகாலத் தேசியப் போட்டி அங்கு 1915 இல் தொடங்கியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் தத்தம் பகுதிகளிற் பொருது, வென்றவை மட்டும் நிசினோமியா நகரிலுள்ள கோசியென் மைதானத்துக்குச் செல்லும். தோற்ற அணியின் மாணவர் அம்மைதானத்து மண்ணைச் சிறு பைகளில் அள்ளிச் செல்லுதல் நெடுநாள் வழக்கு. 1918 இல் அரிசி விலையேற்றத்தால் எழுந்த கலகத்தாலும், 1941 இற் போராலும் நின்ற இப்போட்டி, 2020 இல் நோயால் நின்றது. அவ்வாண்டு மே மாதம் 20 ஆம் நாள் அம்முடிவு வெளியாயிற்று. வசந்தகாலப் போட்டி மார்ச்சு மாதத்திலேயே கைவிடப்பட்டிருந்தது. ஆயின், நடத்துநர் அவ்வளவில் நின்றாரல்லர். வசந்தகாலப் போட்டிக்குத் தெரிவாகியிருந்த 32 அணிகளையும் ஓகத்து மாதத்தில் அம்மைதானத்துக்கு அழைத்து, ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆட்டம் மட்டும் வழங்கினர். வெற்றிக்கிண்ணம் இல்லை, அடுத்த சுற்று இல்லை, பொதுமக்கள் கூட்டமும் இல்லை. ஆட்டம் மட்டும் இருந்தது. நாடெங்குமுள்ள இறுதியாண்டு ஆட்டக்காரருக்குக் கோசியென் மண்ணைப் பொதிந்த சிறு நினைவுப் பொருளும் அனுப்பப்பட்டது.

மறு ஆண்டு, 2021 இல், பொதுப் பார்வையாளர் இன்றிப் போட்டி நடைபெற்றது. ஓகத்து மாதத்தில் இரு பள்ளிகள் இடைநடுவே விலகின. மியாசாக்கி வணிக உயர்நிலைப் பள்ளியின் அணியிற் பலருக்கு நோய் கண்டது. அவ்வணி ஓர் ஆட்டமும் ஆடாது திரும்பியது. தொகொக்கு காக்குயின் என்னும் பள்ளி அவ்வாண்டே முதன்முறையாகக் கோசியெனுக்கு வந்து, தன் முதலாட்டத்தில் வென்றிருந்தது. அதன் அணியில் ஒருவனுக்கே நோய். அவனையும் அவனோடு நெருங்கிப் பழகியோரையும் நீக்கிவிட்டு எஞ்சியோரை ஆடவிடுதல் இயலாத செயலன்று. ஆயின், அவ்வாறு ஆடினால் ஆடாது நின்றவன் எவன் என்பதை நாடே கண்டுகொள்ளும் என்று பள்ளியார் கருதினர். ஒரு மாணவனின் பெயர் ஊர்வாயில் விழாதிருத்தற்பொருட்டு அணி முழுவதும் விலகியது. அவ்வணி பெற்றிருந்த வெற்றியிலும் இவ்விலகல் பெரிதென்பது எம் கருத்து. விளையாட்டுப் பயிற்றும் பண்பு யாது என வினவுவோர்க்கு இதனைக் காட்டலாம்.

இந்நிகழ்ச்சி வேறோர் உண்மையையும் உணர்த்துகின்றது. இறுதியாட்டத்தின் முதல்நாள் இரவு ஒரு மாணவனுக்கு மெல்லிய காய்ச்சல் காண்கின்றது எனக் கொள்வோம். உண்மையைக் கூறினால் அவன் இடம் போகும், அணி தோற்கும், பழியும் வரும். கூறாதொழிந்தால் எவரும் அறியார். பதினேழு வயது இளைஞனை இத்தகைய சோதனையில் நிறுத்திவிட்டு, அவன் உண்மை கூறவில்லையே என்று பின்னர்க் கடிதல் அறமாகாது. கொள்ளைநோய்க் காலத்து விளையாட்டு விதிகளுள் தலையாயது, உண்மை கூறுவோனுக்கு இழப்பு வராதபடி செய்தலாகும். விலகிய அணிக்குத் தோல்வி எழுதலாகாது. நோயுற்றவன் அணியில் வகித்த இடம் அவனுக்கே காக்கப்படவேண்டும். நலமடைந்தபின் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே அவன் மீளவேண்டும். கொவிட்-19 சிலரிடத்தில் இதயத்தசையில் அழற்சியை உண்டாக்கியமையால் இவ்விறுதி விதி உயிர்காக்கும் விதியுமாகும்.

இதுவரை கூறியவற்றால் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை பெறலாம். இளைஞரையே வீழ்த்தும் நோயாயின் போட்டியும் பயிற்சியும் ஒருங்கே நிற்றல் வேண்டும்; அதிற் கருத்துவேறுபாட்டுக்கு இடமில்லை. முதியோரை வீழ்த்தும் நோயாயின், ஊரில் அது எவ்வளவு பரவியுள்ளது என்பதே முதல் அளவுகோல். வைத்தியசாலைகள் நிரம்பி வழியும் நாளில் எப்போட்டியும் தகாது. பரவல் குறைந்துள்ள காலத்தில் முதலில் வகுப்பறை திறக்கப்படவேண்டும். வகுப்பறை மூடியிருக்க மைதானம் திறந்திருத்தல் முறையன்று. அதன்பின் திறந்தவெளிப் பயிற்சி; அதன்பின் அயற் பள்ளிகளோடு பார்வையாளர் இன்றி ஆடும் ஆட்டம்; உடல் பிணையும் ஆட்டங்களும் மண்டப ஆட்டங்களும் இறுதியில். பல ஊரார் கூடும் பெருவிழாக்களோ எல்லாவற்றுக்கும் கடைசியில். சுருங்கக் கூறின், ஆட்டம் கூடியமட்டும் நடைபெறுக, விழா காத்திருக்கட்டும்.

இவ்விதிகளை எழுதுதற்கு ஏற்ற காலம் நோயில்லாத காலமேயாகும். நூற்றாண்டுப் புகழுடைய போட்டியின் நாள் குறித்து, பந்தல் கட்டி, வெளிநாடுகளிலிருந்து பழைய மாணவர் வந்திறங்கிய பின்னர், 'வேண்டாம்' என்னும் சொல்லை ஓர் அதிபர் தனித்து நின்று சொல்லுதல் அரிது. அச்சுமையை அவர் ஒருவர் தோளில் ஏற்றாது, ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணவரும் முன்னரே கூடி, எந்நிலையில் எது நிற்கும், எது நடக்கும் என்று எழுதி வைத்தல் நன்று. அடுத்த கொள்ளைநோய் எப்பொழுது வரும் என்பதை எவரும் அறியார். ஒருநாள் வரும் என்பதை யாவரும் அறிவர். அன்று மைதானத்தில் நிற்கும் மாணவன் தன் காய்ச்சலை அச்சமின்றிச் சொல்லக்கூடியவனாக இருப்பின், அவன் வீட்டிலுள்ள முதியோரும் காக்கப்படுவர், விளையாட்டும் காக்கப்படும்.